ஒருவர் போனால் நான்கு பேர் நகர வேண்டும்

1980 மே 16 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி 3-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆனால் அதன் மிகப் பெரிய ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜப்பார் அந்த ஊரிலேயே இல்லை. இரண்டு நாள் முன்பு ஐந்தாவது ஆட்டத்தில் அவருடைய கணுக்கால் பிசகியது. அந்தக் காலோடு திரும்ப வந்து ஆடி மொத்தம் 40 புள்ளிகள் எடுத்து ஜெயிக்கவும் வைத்தார். அதற்கு மேல் கால் தாங்கவில்லை. அணி விமானம் ஏறியது, அவர் வீட்டில் தங்கிவிட்டார்.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். அந்தக் கால லேக்கர்ஸின் தாக்குதல் ஒரு தேர் மாதிரி. அச்சாணி கரீம். அவர் கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குவார். எதிரணியில் இரண்டு பேர் அவரை நோக்கி ஓடினால், வேறு யாராவது தனியாக நிற்பார்கள், பந்து அங்கே போகும். ஓடாவிட்டால் அவரே ஒற்றைக் கையை வானத்துக்கு உயர்த்தி எறிந்துவிடுவார். மற்ற நான்கு பேர் எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூட அவர் நிற்கும் இடம்தான் முடிவு செய்தது. அப்படிப்பட்டவர் இல்லை என்றால் முப்பது சொச்சம் புள்ளிகள் மட்டும் போவதில்லை. ஆட்டத்தின் இலக்கணமே போய்விடுகிறது.

பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கரீமைப் போலவே உயரமான, ஆனால் அவரளவு திறமை இல்லாத ஒருவரை அதே இடத்தில் நிறுத்தி அதே ஆட்டத்தைக் கொஞ்சம் மட்டமாக ஆடுவது ஒன்று. ஆட்டத்தையே மாற்றுவது இன்னொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆட்டத்தைத் தொடங்கும் பந்துக்காக நடுவட்டத்தில் வந்து நின்றவர், முதல் வருட ஆட்டக்காரரான 20 வயது மேஜிக் ஜான்சன். அவர் வேலை பந்தைத் தட்டிக்கொண்டு வந்து பிறருக்குக் கொடுப்பது. அன்று அவர் எடுத்தவை 42 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். லேக்கர்ஸ் 123-107 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் மேஜிக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜமால் வில்க்ஸ் என்றொருவர் அதே இரவில் 37 புள்ளிகள் எடுத்தார். அவரை யாருக்கும் நினைவில்லை. எனக்கு மேஜிக்கின் 42-ஐ விட அந்த 37 முக்கியமாகப் படுகிறது. கரீம் நிற்கும் இடம் அன்று காலியாக இருந்தது. காலி இடம் என்றால் யார் வேண்டுமானாலும் ஓடி வந்து புகலாம். கரீமைத் தடுக்கப் பழகியிருந்த ஃபிலடெல்ஃபியாவின் உயரமான ஆட்கள், ஓடிக்கொண்டே இருப்பவர்களைத் துரத்த வேண்டியிருந்தது. அன்று யாரும் கரீமாகவில்லை. கரீம் செய்த வேலை உடைந்து பல பேருக்குப் பங்கு போனது.

*

நான் இருக்கும் ஜூஜுவாடியில் இது புதிய தத்துவம் ஒன்றும் இல்லை. கர்நாடக எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் முதல் ஊர் இது. இங்கிருந்து ஓசூர் சிப்காட் வரை ஷிஃப்ட் கணக்கில் வாழும் மனிதர்கள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஒரு பலகை தொங்கும். இடது பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே இயந்திரங்களின் பெயர்கள், கட்டங்களில் நான்காகப் பிரித்த வட்டங்கள். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். முழு வட்டம் என்றால் பிறருக்கே கற்றுத் தரலாம். ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்பார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் லைன் லீடர். ஒருநாள் அவரிடம் கேட்டேன். “ஏண்ணா, ஒருத்தர் திடீர்னு லீவு போட்டுட்டா என்ன பண்ணுவீங்க? அந்த இடத்துல இன்னொருத்தர போடுவீங்களா?”

“அப்படிப் போட்டா லைன் நின்னுரும் தம்பி. நல்லா ஓட்டுறவன் மெஷின்ல புதுசா ஒருத்தன நிறுத்த முடியாதுல்ல? நாலு பேர நகத்தணும். முழு வட்டம் இருக்கறவன அங்க அனுப்பி, அவன் இடத்துக்கு முக்கா வட்டத்த அனுப்பி, கடைசியா சுலபமான ஸ்டேஷன்ல புதுப் பையன நிறுத்தணும்.”

மென்பொருள் வேலையில் இருக்கும் நான் இதைப் பெரிய பெரிய வார்த்தைகளில் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

*

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய கதை, எனக்குத் தெரிந்து, கிரிக்கெட்டில் இருக்கிறது. அதில் தாக்குதல் என்றால் பந்துவீச்சு. 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் இந்தியாவின் தாக்குதல் ஒவ்வொரு ஆளாக உதிர்ந்தது.

இஷாந்த் சர்மா காயத்தால் அந்தத் தொடருக்கே வரவில்லை. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அதே இன்னிங்ஸில் முகமது ஷமியின் கை முறிந்தது. மெல்பர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால். சிட்னியில் ஜடேஜாவுக்கு இடது கட்டைவிரல், அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிற்றுத் தசை.

அந்த சிட்னி டெஸ்டின் கடைசி நாளைச் சொல்லாமல் தாண்ட முடியாது. தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரியும் குனிய முடியாத அஸ்வினும் இருநூற்றைம்பது பந்துகளுக்கு மேல் ஒன்றாக நின்று டிரா செய்தார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. ஓடினால் வலிக்கும். அதனால் ரன் என்ற ஆசையையே விட்டுவிட்டார்கள். காக்கிநாடாக்காரரான விஹாரியிடம் அஸ்வின் தமிழில் பேசிக்கொண்டே இருந்தது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் எங்கள் ஊரில் அது ரொம்பச் சாதாரணமாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து, 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டில்கூடத் தோற்காத காபா மைதானம். அடிலெய்டில் ஆடிய பும்ரா, உமேஷ், ஷமி, அஸ்வின் நால்வரில் ஒருவர்கூட இல்லை. முகமது சிராஜ் இரண்டு டெஸ்ட் ஆடியிருந்தார். நவ்தீப் சைனி ஒன்று. ஷர்துல் தாக்கூரும் ஒன்று, அதிலும் பத்துப் பந்து வீசியதும் காயம்பட்டு வெளியேறியவர். வாஷிங்டன் சுந்தருக்கும் நடராஜனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன். நால்வருக்கும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல் விக்கெட். லயனுக்கு அது நூறாவது டெஸ்ட்.

இங்கேதான் வெஸ்ட்ஹெட்டின் கேள்வி திரும்ப வருகிறது. அஸ்வின் இல்லை, ஜடேஜாவும் இல்லை. சுழல் வேண்டும். குல்தீப் யாதவ் அணியிலேயே இருந்தார். 2019 ஜனவரியில் சிட்னியில் ஐந்து விக்கெட் எடுத்தவர். போன இடத்துக்கு அதே மாதிரி ஆள் என்று பார்த்தால் அவர்தான். எடுக்கப்பட்டவரோ டி20 தொடர் முடிந்தும் வலைப் பயிற்சியில் பந்து வீசத் தங்கவைக்கப்பட்ட சென்னைப் பையன் சுந்தர். காரணம் எளிது. அவருக்கு பேட்டிங்கும் வரும். பந்துவீச்சு பலவீனமாக இருந்தால் ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேர் வேண்டுமென்றால் அவர்களில் சிலர் ரன்னும் எடுக்க வேண்டும். நாலு பேர நகத்தணும் தம்பி.

அந்த ஐந்தாவது ஆள் எவ்வளவு அவசியம் என்பது முதல் நாளே தெரிந்தது. சைனி 7.5 ஓவர் வீசியதும் இடுப்புத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மிச்சமிருந்த ஒரு பந்தை ரோஹித் சர்மா வீசினார். மீதி நான்கு பேர் நூற்றுச் சொச்சம் ஓவர்களைப் பங்கு போட்டார்கள். நடராஜன், சுந்தர், தாக்கூர் ஆளுக்கு மூன்று, சிராஜ் ஒன்று. ஆஸ்திரேலியா 369. பிறகு இந்தியா 186க்கு ஆறு விக்கெட் இழந்து நின்றபோது, அதே சுந்தரும் (62) தாக்கூரும் (67) சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜுக்கு ஐந்து, தாக்கூருக்கு நான்கு.

ஆள் மாறியும் மாறாதது ஒன்று உண்டு. பந்துவீச்சுப் பயிற்சியாளர், நம்மூர் பரத் அருண், தொடருக்குப் பல மாதங்கள் முன்பே ஒரு திட்டம் போட்டதைப் பின்னர் விவரித்தார். ஆஸ்திரேலியர்கள் ஆஃப் பக்கம் வெட்டியும் ஓட்டியும் ரன் குவிப்பவர்கள். அந்தப் பக்கத்தையே மூடு. ஸ்டம்புக்கு நேராக வீசு, லெக் பக்கம் ஆட்களை நிறுத்து. மெல்பர்னில் ஸ்டீவ் ஸ்மித் அஸ்வின் பந்தில் லெக் கல்லியில் பிடி கொடுத்தார். பிரிஸ்பேனில் அதே ஸ்மித், சுந்தரின் பந்தைத் தட்டி மிட்விக்கெட்டில் ரோஹித்திடம் பிடி கொடுத்தார். சுந்தரின் முதல் டெஸ்ட் விக்கெட் அது. லேக்கர்ஸ் ஆட்டத்தை மாற்றியது, இந்தியா திட்டத்தை வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றியது. இரண்டு இடத்திலும் போனவரை நகல் எடுக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. சுந்தரிடம் யாரும் அஸ்வினைக் கேட்கவில்லை, நேராகப் போடச் சொன்னார்கள்.

கடைசி நாள் இலக்கு 328. ஷுப்மன் கில் 91. உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு புஜாரா 211 பந்தில் 56. ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89. மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. நான்கு டெஸ்டில் இந்தியா இறக்கிய ஆட்கள் 20 பேர்.

*

கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ‘பெஞ்ச் ஸ்ட்ரெங்த்’ என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மனிதர்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து ஆட்டங்கள் வழியாக மேலே வந்தவர் நடராஜன். அந்தத் தொடருக்கு வலைப் பந்துவீச்சாளராகக் கிளம்பினார். வருண் சக்கரவர்த்தி காயம்பட்டதால் டி20 அணிக்குள் வந்தார். டிசம்பர் 2 ஒருநாள், டிசம்பர் 4 டி20, ஜனவரி 15 டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று அறிமுகங்கள். 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்கே முழங்காலில் அறுவை சிகிச்சை. அவர் ஆடிய டெஸ்ட் இன்றுவரை பிரிஸ்பேன் ஒன்றுதான்.

சுந்தருக்கும் கதவு உடனே திறந்துவிடவில்லை. சென்னையில் 85, அகமதாபாதில் 96 என்று ஆட்டமிழக்காமல் எடுத்த அதே 2021க்குப் பிறகு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் டெஸ்ட் இல்லை. 2024 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே ஏழு விக்கெட் எடுத்துத்தான் திரும்பினார்.

இதில் வில்லன் யாரும் இல்லை. பும்ரா குணமானால் பும்ராதான் ஆட வேண்டும், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் பையன்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தர்மபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். காண்ட்ராக்ட். ஆர்டர் நெருக்கும்போது எந்த மெஷினிலும் நிற்பார்கள், லைன் நிற்காது. நெருக்கடி முடிந்ததும் முதலில் அழிக்கப்படும் பெயர் அவர்களுடையது. அணி எப்படித் தாக்குப்பிடித்தது என்று எழுதும் வரலாறு, தாங்கிப் பிடித்தவர் அப்புறம் என்ன ஆனார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நடராஜன் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023இல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். எங்கள் ஊர் வாசலில் ஓடும் இதே நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் போகிறது. யாருக்காவது அடிபட்டால்தான் தன் பெயர் வரும் என்று காத்திருக்க வேண்டாத ஓர் இடம் அங்கே சில பையன்களுக்குக் கிடைத்திருக்கிறது.