கடுவனிலிருந்து தொடங்குவோம்: பாரசீகப் பூனைகளின் பரம்பரைச் சிறுநீரக நோய்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் பாரசீகப் பூனைக்குட்டி வாங்குவோர் முதலில் விசாரிப்பது முகத்தை: டால் ஃபேஸா, பஞ்ச் ஃபேஸா? அடுத்தது விலை, தடுப்பூசி. தகப்பன் பூனையின் சிறுநீரகம் பேச்சிலேயே வருவதில்லை. பி.கே.டி. எனப்படும் சிறுநீரக நீர்க்கட்டி நோயைப் பொறுத்தவரை, கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோயின் காரணம் தெளிவானது. 2004இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் பி.கே.டி.1 மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டறிந்தனர். அதனால் உருவாகும் புரதம் பாதியில் அறுந்துபோகிறது. இது ஓங்கு மரபு. பெற்றோரில் ஒருவரிடம் பழுதான மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நோய் வரும். இரண்டு பிரதிகளும் பழுதான கரு பிறப்பதில்லை. பல நாடுகளில் நடந்த அல்ட்ராசவுண்ட் ஆய்வுகளில் பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்நோய் தென்பட்டது.

கட்டிகள் பிறவியிலேயே இருந்தாலும், பசியின்மையும் மெலிவும் பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டியே வெளிப்படும். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு திறன் போன பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக உயரும். பூனையோ ஒரு வயதுக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயார். குட்டியை விற்றவர் அதன் நோயைப் பார்ப்பதேயில்லை. வாங்கியவர் நோயைப் பார்க்கும்போது தாய்தகப்பன் யாரென்று அறியார். இது அறிவியலின் தோல்வி அல்ல, வணிகத்தின் கால இடைவெளி.

எல்லாப் பூனைகளையும் இந்த மரபணுவுக்காகச் சோதிப்பது செலவு. கிராசிங்குக்கு விடும் கடுவன்களோ சிலவே. ஒவ்வொன்றும் பல வீட்டுப் பெட்டைகளுக்குத் தகப்பன். கடுவன்கள் அனைத்தும் சுத்தமாக இருந்தால், நோயுள்ள பெட்டைகள் தொடர்ந்து ஈன்றாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் நோயின் பங்கு பாதியாகக் குறையும்: மூன்றில் ஒன்று ஆறில் ஒன்றாகும், பிறகு பன்னிரண்டில் ஒன்று. பெட்டைகளை ஒரேயடியாக விலக்கினால் இனத்தின் மரபு வளம் சுருங்கும் என்ற அச்சம் நியாயமானது. இவ்வழியில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பெட்டைகளின் ஆண் குட்டிகளையும் சோதிக்காமல் கடுவனாக்கினால் கணக்கு கெட்டுவிடும்.

நாட்டுப் பூனையோடு கலந்தால் நோய் போய்விடும் என்பார் உண்டு. ஓங்கு மரபுக்கு அது பொருந்தாது. கலப்புக் குட்டிகளிலும் பாதிக்கு வரும்.

சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017இல் தனி மத்திய விதிகள் வந்தன. பூனைக்கு அப்படி ஏதுமில்லை. 2018இன் செல்லப்பிராணிக் கடை விதிகள் பூனைகளையும் தழுவினாலும், அவற்றின் கவனம் கடையின் மீது. இணை சேர்க்கும் வீட்டின் மீது அல்ல. எனவே விதிக்காகக் காத்திராமல் பெட்டை வைத்திருப்பவரே கடுவனின் சோதனை முடிவைக் கேட்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியே மரபணுச் சோதனைக்குப் போதும்; எந்த வயதிலும் செய்யலாம். பத்து மாதம் கடந்த கடுவனுக்கு அனுபவமுள்ள மருத்துவரின் ஸ்கேனும் ஓரளவு நம்பத்தக்கது. கிராசிங் கட்டணம் பேசும்போது தடுப்பூசி அட்டையோடு அந்த முடிவையும் காட்டச் சொன்னால், காட்ட மறுக்கும் கடுவனுக்கு வாடிக்கை குறையும்.