ஆதார் நகல் முதல் வாட்ஸ்அப் வரை: அடையாளத் திருட்டும் நம் குடும்பங்களும்

ஜும்ஆ முடிந்ததும் சட்டம் கேட்டு வருபவர்களின் கேள்விகள் மாறிவருகின்றன. ஜகாத், தலாக், பாகப்பிரிவினை என்று இருந்த பட்டியலில், "நான் வாங்காத கடனை என் பெயரில் கேட்கிறார்கள் ஹஜ்ரத், அதற்கு நான் பொறுப்பாளியா?" என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துவிட்டது. மார்க்கத்தின் பதில் எளிது: வாங்காத கடனுக்கு எவரும் பொறுப்பாளி அல்லர். ஆனால் வாங்கவில்லை என்று வங்கிக்கும் காவல்துறைக்கும் நிரூபிப்பதற்குள் ஒரு குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல.

இன்னொருவரின் கையெழுத்து, கடவுச்சொல், அடையாள எண் ஆகியவற்றை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின் கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இன்னொருவராக நடித்து கணினி, தொலைபேசி வழியே ஏமாற்றுவது பிரிவு 66டி. தண்டனை அதே அளவுதான். சட்டம் இருக்கிறது, குற்றவாளி பெரும்பாலும் வேறு மாநிலத்தில், சில வேளை வேறு நாட்டில் இருக்கிறான். ஆகவே முன்கூட்டியே தடுப்பதுதான் நம் கையில் உள்ளது.

முதலில் ஜெராக்ஸ் கடை. சிம் வாங்க, வாடகை வீட்டுக்கு, கல்வி உதவித்தொகைக்கு என்று எங்கே போனாலும் ஆதார் நகல் கொடுக்கிறோம். அது பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆதார் நகலை எவரிடமும் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும் அதில் சொன்ன ஒரு வழி இன்றும் பயன்படும். ஆணையத்தின் தளத்தில் எண் மறைக்கப்பட்ட ஆதாரை இலவசமாக எடுக்கலாம். அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும். பல இடங்களுக்கு அது போதும். முழு நகல்தான் வேண்டும் என்றால் எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இங்கே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜகாத் உதவி கேட்டு வரும் விதவைகளிடமும் நிக்காஹ் பதிவுக்கு வருபவர்களிடமும் வாங்கும் நகல்கள் பல பள்ளிவாசல்களில் பூட்டில்லாத அலமாரியில் கிடக்கின்றன. சில ஊர்களில் பயனாளிகளின் பட்டியல் ஆதார் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவிலேயே சுற்றுகிறது. அந்தத் தாள்கள் அமானிதம். வேலை முடிந்ததும் கிழித்து எரித்துவிட வேண்டியவை.

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி ஒன்று உண்டு. வங்கி முகவர்கள் கையில் வைத்திருக்கும் சிறிய இயந்திரம் அதுதான். முதியோர் உதவித்தொகை வாங்கும் நம் உம்மாமார்களுக்கு அது பெரிய வசதி. "ரேகை பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லி இரண்டு தடவை பணம் எடுப்பதும் அதில்தான் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரசீது கேளுங்கள், மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பாருங்கள். இந்த வசதியே தேவைப்படாதவர்கள் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஆபத்து வெளிநாட்டு வாழ்க்கையிலிருந்து வருகிறது. துபாய்க்கோ ரியாத்துக்கோ போகிறவர் ஊர் சிம்மைப் பெட்டியில் போட்டு வைக்கிறார். ரீசார்ஜ் செய்யாமல் இணைப்பு ரத்தானால், குறைந்தது 90 நாள் கழித்து அதே எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண்தான் அவருடைய வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பதிவாகியிருக்கும்! ஓடிபி இனி யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பயணத்துக்கு முன் எண்ணை உயிரோடு வைக்க ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றுங்கள். மவுத்தானவர்களின் எண்ணும் அப்படியே கிடக்கிறது. மய்யித்து அடக்கமான பிறகு வங்கிக்குச் சொல்வதைக் கூட வருடக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை, 2023 மே மாதம் அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அறிய சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டிக் கடனே வாங்காத நமக்கு அது எதற்கு என்று நினைக்கலாம். கடன் வாங்காதவர்தான் அதைப் பார்ப்பதே இல்லை. அதனால் அவர் பெயரில் நடப்பது அவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

போனில் வரும் மிரட்டல் வேறு வகை. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் கணக்கில் தவறான பணம் வந்திருக்கிறது" என்று சீருடையில் ஒருவன் வீடியோவில் வருவான். கேமராவை அணைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்பான். இதற்கு டிஜிட்டல் கைது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். நம் சமுதாயத்தில் இந்த மிரட்டல் எளிதாக எடுபடுகிறது. காரணத்தை நாம் விளக்கத் தேவையில்லை. விசாரணை அமைப்பின் பெயரைக் கேட்டதும் வாப்பா உறைந்துபோய் நகையை விற்றுப் பணம் அனுப்புகிறார். எந்த அதிகாரியும் வீடியோவில் பணம் வாங்கி விடுதலை செய்வதில்லை. போனைத் துண்டித்துவிட்டு வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல, உங்கள் போனுக்குள் புகும் செயலி. தெரிந்தவரின் எண்ணிலிருந்தே "தவறுதலாக உனக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்பு" என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள்; அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். வாட்ஸ்அப் அமைப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

ரமலானில் நன்கொடைப் பெட்டியையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளி உட்படப் பல பள்ளிகளில் ஒருவர் தன் கணக்கின் கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் பள்ளியின் பெயர்தானா என்று பார்த்து அனுப்புங்கள்.

கணக்கை வாடகைக்கு விடும் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்பவனின் கையில் இருப்பது வேறொரு குடும்பத்திடம் திருடிய பணம். காவல்துறை முதலில் பிடிப்பது கணக்கின் சொந்தக்காரரைத்தான். அந்தக் கமிஷன் ஹலால் அல்ல என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. உண்டியல் வழியாக வெளிநாட்டுப் பணம் வாங்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். முகம் தெரியாதவர் போடும் தொகையில் மோசடிப் பணம் கலந்திருந்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் முழுவதையும் இழக்கிறார்கள்; மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று மூன்று நாள் சொல்லாமல் இருந்த பெண்களை நமக்குத் தெரியும். அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் நடந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்களைச் சேரும், அதற்குப் பின் போவது வங்கியைச் சேரும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.