எண்ணிக்கை ஏறினால் போதுமா?

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம் வயதுக்காரர்கள் முதலில் தேடுவது சர்க்கரை, அடுத்தது கொழுப்பு. கீமோ சிகிச்சை நடக்கும் வீடுகளில் மட்டும் வெள்ளை அணுக்கள்தான் முதலில். "கவுன்ட் இறங்கிவிட்டது, ஊசி போட்டிருக்கிறார்கள்" என்று பல முறை கேட்டிருக்கிறேன். அந்த ஊசியின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்பவைதான் கிருமிகளை முதலில் எதிர்ப்பவை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இவை 500-க்கும் கீழே போனால் ஆபத்து. ஸ்வீடனின் வடகோடியில் சில குடும்பங்களில் கைக்குழந்தைகள் காய்ச்சலும் சீழ்க்கட்டியுமாக அடுத்தடுத்து இறந்தன. ரோல்ஃப் கோஸ்ட்மன் என்ற குழந்தை மருத்துவர், இது பரம்பரை நோய், இவர்கள் ரத்தத்தில் நியூட்ரோஃபில் அநேகமாக இல்லை என்று 1956-ல் விரிவாக எழுதினார். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை.

மருந்துக்கான வழி வேறு இடத்தில் திறந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரே பிராட்லியும் டொனால்ட் மெட்காஃபும் எலியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை அகர் கூழில் வளர்த்துப் பார்த்தார்கள். வேறு சில திசுக்கள் கூடவே இருந்தால்தான் அவை கூட்டம் கூட்டமாகப் பெருகின. 1966-ல் இதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் இஸ்ரேலில் லியோ சாக்ஸ் குழுவும் இதையே கண்டது. அணுக்களைப் பெருகத் தூண்டும் அந்தப் பொருட்களில் ஒன்றுதான் ஜி-சி.எஸ்.எஃப். அதைப் பிரித்தெடுக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. 1986-ல் அதன் மரபணுவை அமெரிக்க, ஜப்பானியக் குழுக்கள் கண்டெடுத்தன. ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள். 1991-ல் ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த ஊசி இரண்டு வேலை செய்கிறது. மஜ்ஜையில் ஐந்து நாளில் முதிர வேண்டிய நியூட்ரோஃபில் ஒரே நாளில் முதிர்ந்து வெளியே வருகிறது. வந்த அணுவும் கிருமியை விழுங்கவும், அதைக் கொல்லும் ஆக்சிஜன் சேர்மங்களை வெளியிடவும் முன்னைவிடத் தயாராக இருக்கிறது.

கோஸ்ட்மன் நோய்க் குழந்தைகளுக்கும் 1980-களின் கடைசியில் இதைக் கொடுத்தார்கள். கவுன்ட் ஏறியது, தொற்று குறைந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் ஈறு நோய் மட்டும் பலரை விடவில்லை. கவுன்ட் சரியாக இருக்கும்போது ஏன் இப்படி?

2002-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆராய்ச்சியாளர்கள் பதில் சொன்னார்கள். ஊசியால் வந்த அந்த நியூட்ரோஃபில்கள் ஆக்சிஜன் சேர்மங்களை ஒழுங்காகவே வெளியிட்டன. ஆனால் கிருமியைக் கொல்லும் எல்.எல்-37 என்ற சிறு புரதம் அவற்றில் இல்லை. எச்சிலிலும் இல்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் மட்டும் அது ஏறக்குறைய இயல்பான அளவில் இருந்தது. அவருக்கு ஈறு நோயும் இல்லை.

ஆள் எடுத்தாயிற்று, ஆனால் வந்தவர்களிடம் ஒரு கருவி குறைகிறது என்ற கதைதான். மஜ்ஜை எதைச் செய்யத் தெரிந்து வைத்திருக்கிறதோ அதை விரைவாகச் செய்ய வைக்க ஊசியால் முடியும். அதற்குத் தெரியாததைக் கற்றுக்கொடுக்க முடியாது.

கோஸ்ட்மன் எழுதிய காலத்தில் அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பல் முளைக்கும் வயதே வாய்க்கவில்லை. பிறகு வந்தவர்கள் ஈறு வலிக்காகப் பல் டாக்டரிடம் போகிற வயதுவரை வாழ்ந்தார்கள். அந்த அளவுக்கு ஊசி பெரிய காரியம்தான் செய்திருக்கிறது.