டெபியன் இயங்குதளத்தில் கூகுள்டெஸ்ட் பொதியாக்கம்

கூகுள்டெஸ்ட் என்பது சி++ மொழியில் எழுதும் நிரல்களுக்கான அலகுச் சோதனைச் சட்டகம். அதனுடன் இணைந்த ஜிமாக் (கூகுள் மாக்), சோதனைக்காகப் போலிப் பொருள்களை உருவாக்கித் தருகிறது. இவ்விரண்டையும் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் பயனர்களும் பிற பொதிகளும் பயன்படுத்தும் வடிவில் கட்டி, களஞ்சியத்தில் சேர்த்துப் பராமரிக்கும் பணியே இங்குப் பொதியாக்கம் எனப்படுகிறது. பெரும்பாலான நிரலகங்கள் ஒரு செயலி ஓடும்போது தேவைப்படுபவை. சோதனைச் சட்டகமோ செயலியைக் கட்டும் நேரத்தில் மட்டும் தேவைப்படுவது. கட்டி முடித்த செயலியை நிறுவுபவரின் கணினிக்கு அது போவதே இல்லை. இதன் பொதியாக்கத்தில் எழுந்த சிக்கல்களில் பல இந்த வேறுபாட்டிலிருந்து வந்தவை.

பின்னணி

கூகுள் நிறுவனம் கூகுள்டெஸ்டை 2008 ஜூலையிலும் கூகுள் மாக்கை அதே ஆண்டு டிசம்பரிலும் திறமூலமாக வெளியிட்டது. இரண்டும் மூன்று கூறு பிஎஸ்டி உரிமத்தின் கீழ் உள்ளன. ஜாவா உலகின் ஜேமாக், ஈசிமாக், ஹாம்கிரெஸ்ட் ஆகியவை மாக் பகுதிக்கு முன்மாதிரிகள். தரவுத்தளத்தோடு பேசும் ஒரு வகுப்பைச் சோதிக்க வேண்டுமானால், உண்மையான தரவுத்தளத்துக்குப் பதிலாக மாக் எனும் போலிப் பொருளைக் கொடுத்து, ‘சேமி என்ற செயல்கூறு ஒரே ஒரு முறை அழைக்கப்பட வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அழைப்பு வராவிட்டாலும் இரண்டு முறை வந்தாலும் சோதனை தோற்கும்.

தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த இரு திட்டங்களும் பின்னர் ஒன்றாக்கப்பட்டன. 2016-இல் வந்த 1.8.0 பதிப்பு இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. டெபியனிலும் அதையொட்டி இரு மூலப் பொதிகள் ஒரே மூலப் பொதியாயின. அதிலிருந்து லிப்ஜிடெஸ்ட்-டெவ், லிப்ஜிமாக்-டெவ் ஆகியவையும், மூலநிரலை மட்டும் கொண்ட கூகுள்டெஸ்ட் பொதியும் உருவாகின்றன.

மூலநிரலா, கட்டிய நிரலகமா

ஒரு நிரலகத்தை ஒருமுறை கட்டி எல்லோருக்கும் தருவதே லினக்ஸ் வழங்கல்களின் வழக்கம். கூகுள்டெஸ்டை உருவாக்கியவர்கள் இதற்கு மாறாக, ஒவ்வொரு திட்டமும் சட்டகத்தைத் தன் கம்பைலர் விருப்பங்களோடு தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2011-இல் வந்த 1.6.0 பதிப்பில் நிறுவும் கட்டளையையே நீக்கிவிட்டார்கள்.

சி++ மொழியின் ‘ஒற்றை வரையறை விதி’ இதற்குக் காரணம். ஒரு வகுப்புக்கு நிரல் முழுவதும் ஒரே வரையறைதான் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. கூகுள்டெஸ்டின் தலைப்புக் கோப்புகளிலோ நிபந்தனைக்குட்பட்ட பகுதிகள் பல உண்டு. இழைகளை ஒழுங்குபடுத்தும் மியூடெக்ஸ் வகுப்பைப் பார்த்தால் இது விளங்கும். இழை ஆதரவோடு கட்டினால் அதனுள் பூட்டுக்கான தரவு இருக்கும். ஆதரவின்றிக் கட்டினால் அது வெற்று வகுப்பு. நிரலகத்தை ஒரு விதமாகவும் சோதனை நிரலை வேறு விதமாகவும் கட்டி இணைத்தால், ஒரே பொருளின் அளவு இரு பக்கமும் வேறுபடும். இணைப்பான் எந்தப் பிழையும் காட்டாமலே போகலாம். சோதனை ஓடும்போது நினைவகம் சிதைந்து, காரணம் புரியாமல் நின்றுபோகும்.

இந்தப் பரிந்துரையை ஏற்று, டெபியன் சில வெளியீடுகளில் கட்டிய நிரலகத்தைத் தராமல் தலைப்புக் கோப்புகளையும் மூலநிரலையும் மட்டுமே தந்தது. பொதியை நிறுவிவிட்டு நிரலகக் கோப்பைத் தேடிய பயனர்கள் அதைக் காணாமல் குழம்பினார்கள். மூலநிரல் அடைவுக்குள் போய்ச் சிமேக் என்ற கட்டுமானக் கருவியைக் கொண்டு தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னர் 1.8 வரிசையில் கூகுள்டெஸ்டின் சிமேக் கட்டுமானமே நிறுவும் வசதியைத் தந்தது. 2019-இல் வெளியான டெபியன் 10 முதல் நிலையான இணைப்புக்குரிய நிரலகங்களும் மூலநிரலும் சேர்ந்தே கிடைக்கின்றன. பொது விருப்பங்கள் போதும் என்பவர் கட்டிய நிரலகத்தை இணைக்கலாம். தனி விருப்பங்கள் வேண்டுபவர் மூலநிரலைக் கட்டிக்கொள்ளலாம்.

பொதியின் உள்ளமைப்பு

டெபியனின் எல்லா மூலப் பொதிகளையும் போல இதிலும் ‘டெபியன்’ என்றொரு அடைவு உண்டு. அதிலுள்ள கன்ட்ரோல் கோப்பு சார்புகளையும், ரூல்ஸ் கோப்பு கட்டும் முறையையும், காப்பிரைட் கோப்பு உரிமங்களையும், சேஞ்ச்லாக் கோப்பு மாற்றங்களையும் பதிவு செய்கின்றன. லிப்ஜிமாக்-டெவ் பொதி லிப்ஜிடெஸ்ட்-டெவ் பொதியைச் சார்ந்தது.

சட்டகத்துக்கும் தனக்கென்று சோதனைகள் உண்டு. டெபியன் பல நுண்செயலிக் கட்டமைப்புகளுக்குக் கட்டப்படுவதால் அச்சோதனைகளின் முடிவுகள் இடத்துக்கு இடம் மாறலாம். அச்சிடும் முறை வரையறுக்கப்படாத ஒரு பொருளைக் கூகுள்டெஸ்ட் பைட் வரிசையாகக் காட்டும். ஏஎம்டி64 கணினியில் ஓர் எண்ணின் கடைநிலை பைட் முதலில் வரும். ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான எஸ்390எக்ஸ் கட்டமைப்பில் உயர்நிலை பைட் முதலில் வரும். இத்தகைய வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்கும்.

பிற பொதிகளின் மீதான தாக்கம்

கூகுள்டெஸ்டைப் பயன்படுத்தும் பொதிகள் அதைக் கட்டுமானச் சார்பாக அறிவிக்கின்றன. ‘சோதனை வேண்டாம்’ என்ற கட்டுமான வகையில் மட்டும் விலக்கத்தக்கது என்று அதைக் குறித்துவைக்கலாம். முதலில் கட்ட வேண்டிய பொதிகள் குறைவதால், புதிய நுண்செயலிக் கட்டமைப்புக்கு டெபியனை முதன்முதலாகக் கொண்டுசெல்பவர்களுக்கு இந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

கட்டும்போது இணையத்தை அணுகக் கூடாது என்பது டெபியன் கொள்கை. கூகுள்டெஸ்டின் தொடக்க வழிகாட்டியோ, சிமேக்கின் ‘ஃபெட்ச்கன்டென்ட்’ வசதியால் மூலநிரலைக் கட்டும் நேரத்திலேயே இணையத்திலிருந்து இறக்கச் சொல்கிறது. அப்படி எழுதப்பட்ட திட்டத்தைப் பொதியாக்குபவர், கணினியில் நிறுவப்பட்ட பிரதியைத் தேடும்படி கட்டுமானக் கோப்பைத் திருத்த வேண்டியிருக்கும். சிமேக் 3.24 முதல், நிறுவப்பட்ட பிரதியை முதலில் தேடிவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் இறக்கும்படி ஒரே அறிவிப்பில் எழுத முடிகிறது.

பதிப்பு மாற்றம் இன்னொரு சிக்கல். 2023 ஜனவரியில் வந்த 1.13.0 பதிப்புக்குக் குறைந்தது சி++14 தரம் வேண்டும். 2025-இல் வந்த 1.17.0 பதிப்புக்குச் சி++17 வேண்டும். தன் கட்டுமானக் கோப்பில் சி++11 என்று கட்டாயப்படுத்தியிருக்கும் பொதி, தன் நிரலில் ஒரு வரியும் மாறாமலே புதிய கூகுள்டெஸ்டுடன் கட்டப்பட மறுக்கும். ஆகவே புதிய பதிப்பு வரும்போது அதைச் சார்ந்த பொதிகளையும் மறுபடி கட்டிப் பார்த்து, தோற்பவற்றின் மீது வழுவறிக்கை இட்டுத் திருத்தவேண்டியிருக்கிறது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12, சி++11-ஐ ஆதரித்த கடைசி வரிசையைச் சேர்ந்த 1.12.1 பதிப்பைக் கொண்டிருந்தது.

பிற இயங்குதளங்களில்

ஃபெடோரா இயங்குதளம் இதைப் பகிர்வு நிரலகமாக வழங்குகிறது. ஃப்ரீபிஎஸ்டி தன் அடிப்படை அமைப்பின் சோதனைகளுக்காக ஒரு பிரதியை 2019-இல் மூலநிரலுக்குள் சேர்த்துக்கொண்டது. வெளி மென்பொருள்களுக்கான போர்ட்ஸ் தொகுப்பில் தனிப் பிரதியும் உண்டு. இரண்டும் மோதாதபடி, அடிப்படை அமைப்பிலுள்ள நிரலகத்துக்கு ‘பிரைவேட்’ என்ற முன்னொட்டோடு பெயர் இடப்பட்டுள்ளது.