கோழிக்குஞ்சும் குண்டு பல்பும்

வெளிநாடுகளில் மரத்தவளை வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டிக்கு மேல் பல்பு மாட்டிச் சூடு கொடுப்பார்கள். நம்ம நாமக்கல்லில் அதே வேலை கோழிக்குஞ்சுக்கு நடந்தது.

இறகு முளைக்கும்வரை குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இறக்கைக்குள் அணைத்தே இதை முடித்துவிடும். ஆயிரம் குஞ்சுக்குத் தாய்க்கு எங்கே போவது? கரி அடுப்பு வைத்தார்கள். புகை, தீப்பிடிக்கும் பயம்.

1937-ல் மேட்டூரில் மின் உற்பத்தி தொடங்கி, பின்னாளில் கிராமங்களுக்கும் கரண்ட் வந்தபிறகு குண்டு பல்பு நுழைந்தது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரே வேண்டாம்!

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் ஒரு கணக்கு பிடிக்கிறது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வெப்பமாகவே போகிறது. வீட்டில் அது நஷ்டம். கொட்டகையில் அதுதான் சரக்கு, வெளிச்சம் இலவச இணைப்பு. 2015-ல் உஜாலா திட்டம் பரப்பிய எல்இடி வீட்டுக்கு லாபம், குஞ்சுக்கு உதவாது. பண்ணைகளில் இப்போது கேஸ் புரூடரும் அகச்சிவப்பு பல்பும் இருக்கின்றன.

ஆனால் மார்கழி ராத்திரியில் கரண்ட் போனால்? குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். 2008-ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில் பல்பை மட்டும் நம்பிய சின்னப் பண்ணைக்காரருக்குக் கைகொடுக்க மிஞ்சியது அதே பழைய கரி அடுப்புதான்.