புதுக்கோட்டையில் அழகுக் கள்ளி வளர்ப்பு

உருவத்துக்காகவும் பூவுக்காகவும் தோட்டங்களில் வளர்க்கப்படும் காக்டஸ் குடும்பச் செடிகளே அழகுக் கள்ளிகள். இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் தானாக வளரும் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா மட்டும் விதிவிலக்கு. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொட்டல்களில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தவை. காக்டஸின் முள் பஞ்சு மெத்தை போன்ற சிறு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியில் அந்த மெத்தை கிடையாது.

சப்பாத்திக்கள்ளி உண்மையான காக்டஸ்தான். அமெரிக்காவிலிருந்து வந்து தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களை அடைத்துக்கொண்ட இதை, 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட டாக்டிலோபியஸ் ஒபுன்சியே என்ற பூச்சி சில ஆண்டுகளில் ஒடுக்கியது. வெட்டிப்போட்ட மடல் ஒவ்வொன்றும் வேர் விடும் என்பதால், தோட்டக் கழிவைப் புறம்போக்கில் வீசவே கூடாது.

இம்மாவட்டத்தில் கள்ளிக்கு எமன் வெயிலன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பகுதிகளில் செம்மண்ணுக்கு அடியில் செம்புராங்கல் இறுகிக் கிடக்கும் இடங்களில், குழி தோண்டி நட்டால் அந்தக் குழியே தொட்டியாகித் தண்ணீரைத் தேக்கும். ஆகவே தரைக்கு மேல் ஒன்றரை அடி மேடு கட்டி, மணல், செங்கல் துண்டு, சிறு ஜல்லி ஆகியவற்றோடு மட்கிய எருவைக் குறைவாகக் கலந்து நட வேண்டும். தை, மாசி நடவுக்கு ஏற்றவை. அடுத்த மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்காலத்தில் பாசனம் தேவையில்லை. கோடையில் மண் முழுதும் காய்ந்த பின், மாலையில் ஊற்றினால் போதும்.

அழுகல் அடித்தண்டில் பழுப்பு நிறமாகத் தொடங்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும். தூண் வடிவக் கள்ளியென்றால் வெட்டுமுகம் பச்சையாகத் தெரியும் வரை மேலே மேலே வெட்டி, நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, காய்ந்த மணலில் நட்டுப் பிழைக்க வைக்கலாம்.

நிழல்வலையில் வளர்ந்த நாற்றைச் சித்திரை வெயிலில் திடீரென வைத்தால் தோல் வெளுத்துத் தழும்பாகிவிடும், பிறகு ஆறாது. சில வாரங்கள் காலை வெயிலில் பழக்குவது அவசியம்.

மெக்சிகோவைச் சேர்ந்த பொன்முள் உருண்டைக் கள்ளி இந்த மண்ணுக்கு மிகப் பொருத்தம்: செம்புராங்கல் துண்டுகளுக்கிடையே மூன்று நான்காக நட்டு, பின்னால் உயரமான செரியஸ் தூண்களை நிறுத்தினால் மஞ்சள் முட்கள் எடுப்பாகத் தெரியும். குளிர்காலம் கண்டால்தான் நன்கு பூக்கும் ஆண்டிஸ் மலை ரெபூட்டியாக்களை இங்கே தவிர்ப்பதே நல்லது. காட்டிலிருந்து பெயர்த்த செடிகளை வாங்கலாகாது. காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் உள்ளது.