எண்ணும் நாளும்: கொரோனாவின் தீவிரத்தை அளப்பதில் இரத்தப் பரிசோதனையும் நுரையீரல் ஸ்கேனும்

1. ஆய்வுப் பொருள்

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயாளி இருந்த தமிழ் வீடுகள் பலவற்றில் தொலைபேசி வழியே வந்த முதல் கேள்வி, "நுரையீரல்ல எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். அடுத்த கேள்வி டி-டைமர் பற்றியது. ஆய்வகத்துக்குள் மட்டும் புழங்கிய சொற்கள் அந்த இரண்டாம் அலையில் வாட்ஸ்அப் செய்திகளாயின. அந்த எண்கள் உண்மையில் எதை அளந்தன, எங்கே உயிர் காக்க உதவின, எங்கே வழிதவறச் செய்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீவிரம் என்ற சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் வழிகாட்டுதல் நோயை மூன்றாகப் பிரித்தது. மூச்சுத்திணறல் இன்றி ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் லேசான நிலை. மூச்சு நிமிடத்துக்கு 24ஐ எட்டினாலோ ஆக்சிஜன் அளவு 90 முதல் 93க்குள் இருந்தாலோ மிதமான நிலை. மூச்சு 30ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கினாலோ தீவிர நிலை. இந்த வகைப்பாட்டில் இரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. நோயாளி இன்று எந்த நிலையில் இருக்கிறார் என்பதை மூச்சு சொல்லிவிடும். நாளை என்ன ஆகலாம், எந்த மருந்து பொருந்தும் என்று கேட்கும்போதுதான் இரத்தமும் ஸ்கேனும் சாட்சிக்கு வருகின்றன.

2. இரத்தத்தின் சாட்சியம்

2.1 சி.ஆர்.பி.

1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம் இது. உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால், இன்டர்லூகின்-6 என்ற வேதித் தூதுவன் கல்லீரலை உசுப்புகிறது, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. எங்கே தீ என்று அது சொல்லாது. தீ எவ்வளவு பெரிது என்று மட்டும் சொல்லும். கொரோனாவில் முதல் வாரம் பெரும்பாலும் வைரஸ் பெருகும் காலம். நுரையீரலைச் சேதப்படுத்தும் அழற்சி பலருக்கு அதன் பிறகே எழுந்தது. எனவே மூன்றாம் நாளில் 20 என்று வந்த சி.ஆர்.பி.யும் ஒன்பதாம் நாளில் 20 என்று வந்த சி.ஆர்.பி.யும் ஒன்றல்ல. முன்னது ஏறுமுகத்தின் தொடக்கமாக இருக்கலாம், பின்னது இறங்குமுகமாக இருக்கலாம். அழற்சி நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை இது பாதியாகும். ஒரே ஒரு அளவைவிட இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் அதிகம் பேசும்.

இந்த எண் சிகிச்சையை நேரடியாகத் தீர்மானித்த இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்தும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 4,116 பேர் சேர்க்கப்பட்டனர். டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 31 சதவீதமும் பெறாதவர்களில் 35 சதவீதமும் 28 நாளுக்குள் இறந்தனர். இங்கே இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகவே வைக்கப்பட்டன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. இன்னொரு நுட்பம்: டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6இன் வழியையே அடைத்துவிடுவதால், அதன்பின் புதிதாக ஒரு பாக்டீரியாத் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. உயராமல் போகலாம். அதுவரை பேசிய சாட்சி அப்போது ஊமையாகிவிடும்.

2.2 டி-டைமர்

இரத்தக் கட்டி உருவாகிக் கரையும்போது சிதறும் துணுக்கு டி-டைமர். ஊஹானின் இரண்டு மருத்துவமனைகளில் 191 நோயாளிகளை ஆராய்ந்து 2020 மார்ச்சில் லான்செட் இதழில் வந்த கட்டுரை, சேர்க்கையின்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று காட்டியது. கொரோனா நுரையீரலின் காற்றுப்பைகளோடு நில்லாமல் நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் கட்டிகளை உண்டாக்குகிறது என்ற புரிதலோடு இது பொருந்தியது.

ஆனால் வயது ஏறினால் டி-டைமர் ஏறும். கர்ப்பத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறும். இதைவிடப் பெரிய குழப்பம் அலகில் இருந்தது. ஆய்வகங்கள் இதை இரண்டு வித அலகுகளில் தருகின்றன. ஒன்றின் எண் மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நேற்று ஓர் ஆய்வகத்தில் 400, இன்று வேறோர் ஆய்வகத்தில் 800 என்றால் நோய் இரட்டித்துவிட்டது என்று பொருளில்லை. அலகைப் படிக்காமல் எண்ணை மட்டும் படித்த குடும்பங்கள் அந்த இரவுகளைத் தூங்காமல் கழித்தன.

2.3 பிற அளவுகள்

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியிலும் உயரும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்பே குறைந்த உடலில் ஃபெரிட்டின் அடிமட்டத்திலிருந்து புறப்படுகிறது. அங்கே இயல்பு என்று அச்சாகும் எண் இயல்பைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. திசுச் சேதத்தைக் காட்டும் எல்.டி.எச்., இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே உயர்ந்துவிடும். லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் குறைவது நல்ல அறிகுறி அல்ல. ஆனால் ஸ்டீராய்டும் அவற்றைக் குறைத்து நியூட்ரோபில்களைக் கூட்டும் என்பதால், மருந்து தொடங்கிய பின் அவற்றின் விகிதத்தைக் கொண்டு நோயைக் கணிப்பது கடினம்.

3. ஸ்கேனின் சாட்சியம்

3.1 ஊஹானில் தொடங்கியது

2020 தொடக்கத்தில் ஊஹானில் ஸ்வாப் பரிசோதனை போதவில்லை, முடிவு வரத் தாமதமானது. பிப்ரவரி 12 அன்றைய கணக்கில் ஹூபே மாகாணம், ஸ்கேன் உள்ளிட்ட மருத்துவ அடையாளங்களைக் கொண்டு முடிவு செய்த நோயாளிகளையும் சேர்த்தது. ஒரே நாளில் 14,840 பேர் கூடினர், அவர்களில் 13,332 பேர் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள். அதே மாதம் வெளியான 1,014 பேரின் ஆய்வு, ஸ்வாபில் உறுதியானவர்களில் 97 சதவீதத்தினரை ஸ்கேன் பிடித்ததாகச் சொன்னது. அதே ஆய்வில் ஸ்வாப் இல்லை என்றவர்களில் 25 சதவீதத்தினரை மட்டுமே ஸ்கேனும் இல்லை என்றது. முதல் எண் உலகெங்கும் பரவியது, இரண்டாவது எண் அந்த அளவுக்குப் பரவவில்லை.

3.2 இருபத்தைந்தில் எத்தனை?

இந்த ஆய்வின் மையம் இதுவே என்று கருதுகிறேன். நுரையீரலுக்கு ஐந்து மடல்கள். ஒவ்வொரு மடலும் 0 முதல் 5 வரை மதிப்பெண் பெறும். 5 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்புக்கு 1, 5 முதல் 25 வரை 2, 50க்குள் 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. மொத்தம் 25. கொரோனாவில் இந்த முறையைத் தொடக்கத்தில் கையாண்ட ஊஹான் ஆய்வு, கடும் மூச்சுத்திணறல் இல்லாமல் குணமடைந்த 21 பேரின் நுரையீரலை நாள்வாரியாகப் பின்தொடர்ந்தது. மாற்றங்கள் சுமார் பத்தாம் நாளில் உச்சமடைந்து பின் தணிந்தன என்பதே அதன் முடிவு.

ஐந்து மடல்களிலும் ஆறு சதவீதம் மட்டும் பாதிக்கப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மடலுக்கு 2 வீதம் அவர் மதிப்பெண் 10. பத்தை இருபத்தைந்தால் வகுத்து, "நாற்பது பர்சென்ட் போயிடுச்சு" என்று வீட்டில் பேசினார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டது ஆறு சதவீதம். மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றவே முடியாது. படிகள் சம அகலத்தில் இல்லை. இது போதாதென்று, கொரோனாவாக இருக்கும் சந்தேகத்தின் அளவை மட்டும் சொல்லும் கோ-ராட்ஸ் எண்ணும் அதே அறிக்கையில் இருந்தது. கோ-ராட்ஸ் 5 என்றால் நோய் முற்றிவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

3.3 காலமும் கதிரும்

அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாளில் ஸ்கேன் எடுத்தவர்களில் 56 சதவீதத்தினருக்கு நுரையீரல் தெளிவாகவே இருந்தது என்று 121 சீன நோயாளிகளின் ஆய்வு காட்டியது. மறுபக்கம் டயமண்ட் பிரின்சஸ் கப்பல். அங்கே தொற்றுக்குள்ளாகி ஸ்கேன் எடுக்கப்பட்ட 104 பேரில் 76 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அந்த 76இல் 41 பேரின் நுரையீரலில் படலம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முன்கூட்டியே எடுத்த ஸ்கேன் பொய்யான தைரியத்தையும் தரும், வீண் அச்சத்தையும் தரும். வழக்கமான மார்புச் சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட்; இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறுவதைப்போல் இரு மடங்குக்கும் மேல். தேவைப்படும் நோயாளிக்கு அது பெரிய விலையல்ல. வாரத்துக்கு இருமுறை எடுத்தவர்களை நினைத்தால்தான் கவலை வருகிறது.

4. எண்ணுக்கு மருந்து கொடுத்த காலம்

டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய ரெகவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனிலேயே வெளிவந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை அது 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜன் பெற்றோரில் 26.2இலிருந்து 23.3 ஆக. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து பெற்றோர் 17.8 சதவீதமும் பெறாதோர் 14 சதவீதமும் இறந்தனர். அங்கே பலன் இல்லை, தீங்கு இருக்கக்கூடும். விலை குறைந்த அந்த மருந்து யாருக்கு என்பதைப் பிரித்தது ஆக்சிஜன் தேவை மட்டுமே.

ஓராண்டு கழித்து இந்தியாவில் அந்தக் கோடு அழிந்தது. சி.ஆர்.பி. சற்றே உயர்ந்ததற்கும் ஸ்கேனில் சிறு படலம் தெரிந்ததற்கும் ஆக்சிஜன் 97 இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. 2021 மே 3 அன்று எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான நோய்க்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தார். ஸ்கேனின் கதிர்வீச்சு குறித்து அவர் சொன்ன கணக்கைக் கதிரியக்க மருத்துவர்கள் மறுத்தார்கள். ஆனால் ஸ்டீராய்டு பற்றிய அவரது எச்சரிக்கை காலத்தால் சரியென்றானது. ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட கருப்புப் பூஞ்சை நோயாளிகள் பதிவாயினர். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் அதன் முக்கியக் காரணிகள். அவர்களில் எத்தனை பேர் ஓர் அறிக்கை எண்ணுக்காக மட்டும் ஸ்டீராய்டு உண்டார்கள் என்பது என்னை இன்றும் உறுத்தும் கேள்வி.

5. சேர்த்துப் படிக்கும் முறை

பிரிட்டனில் பல்லாயிரம் நோயாளிகளின் தரவைக் கொண்டு 2020 செப்டம்பரில் வெளியான 4சி அளவுகோல் இதற்கு நல்ல முன்மாதிரி. வயது, பாலினம், இணைநோய், மூச்சின் வேகம், ஆக்சிஜன், சுயநினைவு, யூரியா, சி.ஆர்.பி. ஆகிய எட்டு தகவல்களுக்கு மொத்தம் 21 புள்ளிகள். 3 அல்லது அதற்குக் கீழே பெற்றவர்களில் 1 சதவீதமும் 15 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 62 சதவீதமும் இறந்தனர். எட்டில் ஆறு, கட்டிலருகே நின்றே தெரிந்துகொள்ளக்கூடியவை. அதில் ஸ்கேன் இல்லை, டி-டைமரும் இல்லை. எளிய ஊர்ப்புற மருத்துவமனையிலும் அதைக் கணக்கிட முடியும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் கண்மூடி நம்பக் கூடாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே இரத்தத்தில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்த நிலை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதமாகவும் வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் இருந்தது. நம் தோல் நிறத்துக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஆறு நிமிடம் நடக்கவைத்து எண் சரிகிறதா என்று பார்ப்பது அதற்குத் துணை செய்யும்.

ஆகவே என் முடிவு: மூச்சையும் ஆக்சிஜனையும் முதலில் பார்த்து, அவை சரியும்போதோ இணைநோய் அச்சுறுத்தும்போதோ இரத்தத்தைக் கேட்டு, நிலை மோசமாகிக் காரணம் புரியாதபோது ஸ்கேனை நாட வேண்டும். ஆய்வகங்களுக்கும் ஸ்கேன் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிக்கையில் வயதும் பாலினமும் அச்சாகும் இடத்துக்குக் கீழே, அறிகுறி தொடங்கி எத்தனையாவது நாள் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.